காதுக்கவசம் கட்டாயம்

அந்த மூளை ஆராய்ச்சி நிலையத்தில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. குடுவையில் மிதந்த மூளை உண்டு, மெழுகில் உறைந்த மூளை உண்டு, மயிரிழை கனத்துக்குச் சீவி, சாயம் ஏற்றி, அலமாரி அலமாரியாக அடுக்கிய மூளை உண்டு. மண்டைக்குள் இருக்கும் மூளையைத்தான் அங்கே யாரும் அநாவசியமாகத் தொந்தரவு செய்வதில்லை.

அங்கே பதினொரு வருடமாக எலிகளைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் எலிக்காரர் என்றார்கள். நியமனக் கடிதத்தில் ‘ஆய்வு உயிரினப் பராமரிப்பு உதவியாளர், நிலை ஒன்பது’ என்று இருந்தது. நிலை ஒன்பதுக்குக் கீழே நிலையத்தில் எலி மட்டும்தான். கூண்டு கழுவுவது, மரத்தூள் மாற்றுவது, தண்ணீர்க் குப்பி நிரப்புவது, தீனி வைப்பது எல்லாம் அவர் வேலை. எலிகளைத் தினமும் கண்ணால் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் எலிகளைப் பற்றிய வரைபடங்களைப் பார்த்தார்கள்.

இயக்குநர் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றைச் செய்திருந்தார். மூளையின் முன்பகுதியில் ஏதோ ஒரு மரபணு. எல்லா மரபணுவும் எந்நேரமும் மாங்கு மாங்கென்று வேலை செய்வதில்லையாம். சில மும்முரமாக இருக்கும், சில மேஜையில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கும். இயக்குநர் ஒரு கூட்டம் எலிகளின் மூளையில் அந்த ஒரு மரபணுவை மட்டும் பாதி வேலை பார்க்கும்படி செய்துவிட்டார். சில மாதத்தில் அந்த எலிகளின் நடத்தை மனச்சிதைவு நோயாளிகளின் நடத்தை போல ஆகிவிட்டது என்று உலகத்துக்கு அறிவித்தார்.

எலிக்கு மனச்சிதைவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? யாரோ பேசுகிற குரல் கேட்கிறது என்று எலி வந்து சொல்லப்போவதில்லை. அதற்கு ஒரு சோதனை இருந்தது. எலியைச் சின்னப் பெட்டியில் விட்டுத் திடீரென்று டமார் என்று ஒரு சத்தம் போடுவார்கள். எலி துள்ளும். எவ்வளவு துள்ளியது என்று பெட்டி அளந்துகொள்ளும். அடுத்த முறை டமாருக்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்னால் டிக் என்று மெல்லிய சத்தம் ஒன்று வரும். மூளை ஒழுங்காக உள்ள எலி, டிக் கேட்டதும் உஷாராகிவிடும். டமாருக்கு அவ்வளவாகத் துள்ளாது. இயக்குநரின் எலிகளோ டிக்கைச் சட்டை செய்யவே இல்லை. அது வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, டமாருக்கு முழுத் துள்ளல் துள்ளின. மனச்சிதைவு உள்ள மனிதர்களும் இப்படித்தானாம். அது போதாதா? மேலும் அந்த எலிகள் கூண்டின் மூலையில் முடங்கிக் கிடந்தன, பக்கத்து எலியோடு சேரவில்லை. இயக்குநருக்கு எல்லாம் கூடிவந்துவிட்டது.

மரபணுவில் கை வைத்தபோதே, சோதனைக்கெல்லாம் முன்னால், நிலையம் ஒரு காரியம் செய்திருந்தது. இப்படிப்பட்ட எலிகளைச் சாதாரண எலிகளோடு இரண்டாம் அறையில் வைத்தால் நிலையத்துக்கு என்ன கௌரவம்? வருகிறவர்கள் பார்க்க வேண்டாமா? வரவேற்புக் கூடத்தை ஒட்டிய நான்காம் அறைக்குப் பெரிய கண்ணாடி போட்டு, விளக்குப் போட்டு, அவற்றை அங்கே குடியேற்றியிருந்தார்கள். அந்த அறையின் பின்சுவருக்கு அப்பால்தான் கட்டடம் முழுமைக்கும் காற்று அனுப்புகிற எந்திரம் இருந்தது. அது நிற்காமல் கீச்சென்று பல் கூசும்படி கத்தும். பாதுகாப்பு அதிகாரிகள் கருவியோடு வந்து அளந்து பார்த்துத் திகைத்து, கதவில் பெரிதாக எழுதி ஒட்டினார்கள்: காதுக்கவசம் கட்டாயம். பக்கத்திலேயே ஆணிகளில் பன்னிரண்டு மஞ்சள் காதுக்கவசங்கள். ஒரு பதிவேடும் இருந்தது. அதில் பெயர், மாட்டிய நேரம், கழற்றிய நேரம், கையெழுத்து. இதற்காக நிலையத்துக்கு ஒரு பாதுகாப்பு விருதுகூடக் கிடைத்தது. எலிக்காரரும் ஒன்றரை வருடமாக மாட்டினார், கழற்றினார், கையெழுத்துப் போட்டார்.

எலிக்காரர் வீட்டில் அவருடைய அக்கா இருந்தாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் மின்விசிறி தன்னைப் பற்றிக் கேவலமாகப் பேசுகிறது என்று சொல்லி அழுதவள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, கடைசியில் ஒரு பழைய மாத்திரை ஒத்துவந்தது. நாலு வருடமாக மின்விசிறி வாயை மூடிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்தபடியே துணிக்கடைச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். ஒரே குறை, அந்த மாத்திரை கையை நடுங்க வைத்தது. பொத்தான் தைத்துவிடுவாள், ஊசியில் நூல் கோர்க்கத்தான் வராது. எலிக்காரர் தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் பத்து ஊசியில் நூல் கோர்த்து, ஒரு அட்டையில் குத்தி வைத்துவிட்டுப் போவார்.

அவர் செய்த தப்பு, நிலையத்தைப் பற்றி வீட்டில் பெருமையடித்தது.

“உன் எலிங்களுக்கும் என் வியாதிதானாமே?” என்று அக்கா கேட்டாள்.

“அப்படித்தான் சொல்றாங்கக்கா. மருந்தும் ரெடியாம். அடுத்து ஆளுங்களுக்குக் குடுத்துப் பார்க்கப் போறாங்க.”

“அதுல கை நடுங்குமாமா?”

“நடுங்காதாம்.”

அவ்வளவுதான். அக்கா தானே விண்ணப்பம் போட்டாள். ஊழியர் குடும்பம் என்பதால் முதல் எண்ணே அவளுக்கு வந்தது. கூடவே ஒரு கடிதம்: வெள்ளிக்கிழமை அறிமுகக் கூட்டம். திங்கள் முதல் பழைய மாத்திரையை நிறுத்த வேண்டும். நாலு வாரம் எந்த மருந்தும் இல்லாமல் இருந்து, அதற்குப் பிறகு புது மருந்து. எலிக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். முன்பு ஒரு தடவை ஆறு நாள் மாத்திரை தவறியபோது, அக்கா சமையலறைக் குழாயைத் துணியால் சுற்றிக் கட்டி, அது வாயைத் திறக்காமல் இருக்க எதிரே நாற்காலி போட்டுக் காவல் காத்தாள். அவளை மீட்டுக்கொண்டுவர எட்டு மாதம் ஆனது. ஆனாலும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த மருந்துதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

அந்த நினைப்பில் மண்ணைப் போட்டவர் அவருடைய மாமனார். பெரியவருக்குக் காது மந்தம். புதன்கிழமை காலையில் எலிக்காரரின் மனைவி, “கதவைச் சாத்தப் போறேன்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, இறுகிப்போன வாசல் கதவை அறைந்து சாத்தினாள். அக்கா அசையவில்லை, எலிக்காரர் அசையவில்லை. பெரியவர் மட்டும் உட்கார்ந்த இடத்தில் ஒரு சாண் எழும்பி, டீயை மடியில் கொட்டிக்கொண்டார்.

“சொல்லிட்டுச் சாத்தக் கூடாதா?” என்றார்.

“சொல்லிட்டுத்தாம்ப்பா சாத்தினேன்.”

எலிக்காரர் கையில் கோர்த்த ஊசியோடு அப்படியே நின்றார். டிக். டமார். மாமனாருக்கு மூளையில் ஒரு கோளாறும் இல்லை. அவருக்கு டிக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கே கூண்டுகளைக் கழுவும் அறைக்குக் கொண்டுவந்ததும் சோதித்துப் பார்த்தார். அது அமைதியான அறை. தீனிப் பொட்டலத்தை மெல்லச் சரசரத்தார். இரண்டாம் அறை எலிகள் எல்லாம் மூக்கை நீட்டிக்கொண்டு கம்பிக்கு வந்தன. நான்காம் அறை எலிகள் திரும்பியே பார்க்கவில்லை. மூடியை நழுவவிட்டார். எல்லா எலிகளும் துள்ளின. இன்னொன்றும் இருந்தது. மரபணுவில் கையே வைக்காத நாலு எலிகள், இடம் போதாமல் போன வருடம் நான்காம் அறைக்குப் போனவை. அவையும் பொட்டலத்துக்குத் திரும்பவில்லை.

நேராகப் பதிவாளரிடம் போனார். பதிவாளர் நிலையத்தின் விதிகளைக் கரைத்துக் குடித்தவர். வேறெதையும் குடித்ததாகவோ சாப்பிட்டதாகவோ தெரியவில்லை.

“சார், நாலாம் ரூம் எலிங்களுக்கு அரைகுறையாத்தான் காது கேக்குது.”

“இது அவதானிப்பு. அவதானிக்கறதுக்கு நிலை அஞ்சு வேணும். நீங்க ஒன்பது. பார்க்கலாம், அவதானிக்கக் கூடாது.”

“அப்ப என்ன சார் பண்றது?”

“உங்க நிலைக்குப் புகார் உண்டு. புகாரா குடுங்க. யார் மேல புகார்?”

“யார் மேலயும் இல்ல சார். எலிக்குக் காது கேக்கலை.”

“அப்ப எலி மேல புகார்,” என்று பதிவாளர் எழுதிக்கொண்டார். “எதிர்தரப்புக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் விடணும். ஒரு நாள் அவகாசம்.”

நோட்டீஸ் விடப்பட்டது. நான்காம் அறையின் நாற்பத்தாறு கூண்டுகளிலும் ஒட்டுகிற வேலை எலிக்காரருக்கே வந்தது. எலிகள் அதைக் கடித்து மரத்தூளோடு சேர்த்துப் படுத்துக்கொண்டன. மறுநாள் காலை புகார்க் குழு கூடி, எதிர்தரப்பு விளக்கம் அளிக்காமல் ஆவணத்தைச் சேதப்படுத்தியதைக் கண்டித்துவிட்டு, நேரில் ஆய்வு செய்ய நான்காம் அறைக்குக் கிளம்பியது. இயக்குநரும் வந்தார்; பதிவாளரையும் சேர்த்து ஐந்து பேர். கதவருகே ஐந்து பேரும் வரிசையில் நின்று மஞ்சள் காதுக்கவசத்தை மாட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள்.

உள்ளே எலிக்காரர் உயிரைக் கொடுத்துப் பேசினார். டிக்கையும் டமாரையும் சொன்னார். மாமனாரையும் கதவையும் சொன்னார். அக்காவையும் சொன்னார். ஐந்து பேரும் பரிவோடு தலையாட்டினார்கள். எந்திரம் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. வெளியே வந்து கவசத்தைக் கழற்றியதும் பதிவாளர் குறிப்பு எழுதினார்: ‘புகார்தாரர் தரப்பைக் குழு முழுமையாகக் கேட்டுத் திருப்தியடைந்தது. புகார் தள்ளுபடி.’

“ஐயா, மரபணுவை மாத்தாத நாலு எலியும் அதே மாதிரிதான் இருக்கு,” என்று எலிக்காரர் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

இயக்குநரின் முகம் மலர்ந்தது. “மாத்தாததுமா?”

“ஆமாங்கய்யா. அங்க வெச்ச பிறகு.”

“அப்ப கூட இருந்தாலே ஒட்டிக்குது,” என்றார் இயக்குநர். அவர் கண் கலங்கிவிட்டது. “இது ரெண்டாவது கண்டுபிடிப்பு. எழுதிக்குங்க. நம்ம மரபணு சகவாசத்துலயும் பரவுது.” போகிறபோது எலிக்காரரின் தோளைத் தட்டினார். “ஏம்ப்பா, உங்களை மாதிரி ஆளுங்கதான் அறிவியலுக்கு அஸ்திவாரம். அஸ்திவாரம் பேசக் கூடாது, அவ்வளவுதான்.”

அன்று சாயங்காலம் எலிக்காரர் அக்காவிடம் கெஞ்சினார்.

“காது மந்தமான எலியை வெச்சு உனக்கு மருந்து குடுக்கறாங்கக்கா. வேணாம்.”

“அத்தனை எலிக்கும் எப்படிடா ஒரே நேரத்துல காது போகும்?”

எலிக்காரர் தலையைச் சொறிந்தார்.

“அவர் பெரிய படிப்பு படிச்சவர், தம்பி. நீ கூண்டு கழுவறவன்,” என்றாள் அக்கா. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. பொத்தானைக் கீழே வைத்துவிட்டு, நடுங்குகிற கையை மடியில் ஒளித்துக்கொண்டாள். “ஒரு நாளாவது நானே நூல் கோர்க்கணும்டா.”

எலிக்காரர் நாளைக்கான ஊசிகளை எடுத்து வைத்தார். கோர்க்கத்தானே அவளுக்கு ஆசை. அது ஒரு குற்றமா?

வெள்ளிக்கிழமை வரவேற்புக் கூடத்தில் எட்டு நோயாளிகளும் உறவினர்களும் உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரம் எலிக்காரர் நின்றார். இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

“உங்களை நாங்க நோயாளிங்கன்னு கூப்பிட மாட்டோம். அது உங்களை அவமானப்படுத்தற வார்த்தை. எலிக்கு அடுத்த கட்டம்னு கூப்பிடுவோம். எலிங்க ஒன்றரை வருஷமா எங்ககிட்ட இருக்கு. ஒரு தடவைகூட எங்களைக் குறை சொன்னதில்லை, கேள்வி கேட்டதில்லை, பாதில எழுந்து போனதில்லை. அந்த ஒத்துழைப்பை உங்ககிட்டயும் எதிர்பார்க்கறோம். நாலு வாரம் மருந்தில்லாம கொஞ்சம் கஷ்டமா இருக்கலாம். அந்தக் கஷ்டத்தை அளக்க எங்ககிட்ட ரொம்ப நல்ல கருவி இருக்கு, அதனால நீங்க கவலைப்பட வேண்டாம். நான் இந்த மருந்தை முழுசா நம்பறேன். என் சொந்தத் தம்பிக்கும் இந்த வியாதிதான். அவனுக்கு வெளிநாட்டுல வேற மருந்து குடுத்திட்டிருக்கோம்.”

கைத்தட்டல் முடிந்ததும் எல்லோரையும் நான்காம் அறைக்கு அழைத்துப்போனார்கள். வாசலில் பதிவாளர் நோயாளிகளுக்கு ஆளுக்கொரு காதுக்கவசம் கொடுத்தார். “நல்லா இறுக்கி மாட்டுங்க. உள்ள கழற்றவே கூடாது. பத்து நிமிஷம் வெறுங்காதோட நின்னாலே காதுக்குச் சேதம்னு அளந்து பார்த்திருக்கோம்.”

முதல் எண் என்பதால் அக்கா முன்னால் நின்றாள். கவசத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். நாற்பத்தாறு கூண்டு. எல்லா எலிகளும் பின்சுவருக்கு எட்டாத மூலையில், மரத்தூளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு கிடந்தன.

“அதுங்களோடது எங்க?” என்றாள்.

“எதுங்களோடது?” என்றார் இயக்குநர்.

“எலிங்களோட காதுக்கவசம். நமக்குப் பத்து நிமிஷம்னா, அதுங்க எத்தனை நிமிஷமா உள்ள இருக்கு?”

எலிக்காரருக்கு ஓங்கி ஒரு அறை விழுந்த மாதிரி இருந்தது. ஒன்றரை வருடமாகத் தினமும் நாலு தடவை அந்தச் சனியனை மாட்டிக் கழற்றியிருக்கிறார். தன் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது அவருக்கு. பதிவாளர் பழக்க தோஷத்தில் பதிவேட்டைப் புரட்டினார். எலிகளின் பெயர் அதில் இல்லை.

இயக்குநர் கூண்டுகளைப் பார்த்தார், கதவில் ஒட்டிய அறிவிப்பைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் ஒரு மனிதனாகக்கூட ஆகியிருக்கலாம். ஆகவில்லை. பதிவாளரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்.

“எழுதிக்குங்க. எண் ஒன்று. சம்பந்தமில்லாத ரெண்டு விஷயத்துக்கு நடுவுல சம்பந்தம் பார்க்கிறாங்க. ஸ்தாபனத்து மேல ஆதாரமில்லாத சந்தேகம். நோய் தீவிரமா இருக்கு. விதி ஏழுப்படி சோதனைக்குத் தகுதியில்லை.”

“அப்ப நான்?” என்றாள் அக்கா.

“பழைய மாத்திரையையே தவறாம சாப்பிடுங்கம்மா,” என்றார் இயக்குநர் இரக்கத்தோடு.

எலிக்காரருக்கு அவர் காலில் விழுந்து கும்பிடலாமா, கழுத்தைப் பிடிக்கலாமா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். அக்கா நகரவில்லை. பின்னால் நின்றவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், எண் இரண்டு.

“எனக்கும் அதே சந்தேகம்தாங்க,” என்றார் அவர். “எஞ்சின் பக்கத்துல முப்பது வருஷம் இருந்தவன் நான். எனக்கே இடது காது போயிடுச்சு.”

“எண் இரண்டு. தகுதியில்லை,” என்றார் இயக்குநர். “பார்த்தீங்களா, பரவுது. நான் சொல்லலை?”

மூன்று, நான்கு, ஐந்து என்று வரிசை நகர்ந்தது. ஒவ்வொருவரும் அதையே கேட்டார்கள். சிலர் அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு கேட்டார்கள். எட்டாவதாக வந்த பெண் இரண்டு வருடமாக யாரோடும் பேசுவதில்லை என்று அவளுடைய அம்மா சொன்னாள். அவள் எதுவும் கேட்கவில்லை. தன் கவசத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய், முதல் கூண்டின் மேல் வைத்துவிட்டு வந்தாள். ‘பேசாமலேயே சந்தேகிக்கிறார்’ என்று எழுதப்பட்டது.

ஆக, சோதனையில் மிஞ்சியவர்கள் பூஜ்யம். வேறெந்த ஸ்தாபனமாக இருந்தாலும் வெட்கப்பட்டிருக்கும். மூன்று மாதத்தில் நிலையத்தின் அறிக்கை வந்தது. ‘முதற்கட்டச் சோதனையில் பங்கேற்ற எவருக்கும் எந்தப் பக்கவிளைவும் ஏற்படவில்லை’ என்று அதில் இருந்தது. பொய்யில்லை. அதற்கு ஒரு பரிசு கிடைத்தது; பரிசோடு இயக்குநர் நான்காம் அறைக் கண்ணாடி முன் நின்று படம் எடுத்துக்கொண்டார். எண் ஒன்றின் கேள்விக்குக் காரணமாக இருந்தது கதவில் ஒட்டிய அறிவிப்புதான் என்று குழு கண்டுபிடித்து, அதைக் கிழித்துவிட்டது. ஆணிகளும் கவசங்களும் பதிவேடும் கிடங்குக்குப் போயின. எலிகள் அங்கேயே இருந்தன. எலிக்காரர் தன் காதில் பஞ்சை வைத்துக்கொண்டார். இயக்குநருக்குப் பஞ்சு தேவைப்படவில்லை. பரிசுக்குப் பிறகு விருந்தினர்கள் வந்தபடியே இருந்தார்கள், அவர் தினமும் மூன்று மணி நேரம் நான்காம் அறையில் நின்று விளக்கம் சொன்னார்.

ஒரு வருடம் கழித்து, ஏதோ கையெழுத்து வாங்க எலிக்காரர் இயக்குநர் அறைக்குப் போனார். கதவை மரியாதையாக மெல்லத் தட்டினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார். பிறகு திறந்துகொண்டு உள்ளே போக, காற்றில் கதவு கையை விட்டு நழுவிச் சுவரில் போய் மோதியது. இயக்குநர் நாற்காலியோடு எழும்பினார். டீ முழுவதும் மடியில்.

“தட்டிட்டு வரக் கூடாதா?” என்றார்.

“ரெண்டு தடவை தட்டினேங்கய்யா,” என்றார் எலிக்காரர். பன்னிரண்டு வருடம் எலி பார்த்த கண், அது முழுத் துள்ளல் என்று தானாகவே அளந்துகொண்டது.

மறுநாள் காலையில் ஊசிக்கு நூல் கோர்த்தபடியே அக்காவிடம் இதைச் சொன்னார். சொல்லும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா சிரிக்கவில்லை. அட்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, நடுங்கும் கையால் பொத்தானின் துளையைத் தேடிக் குத்தினாள்.

“பாவம்,” என்றாள். “பழைய மாத்திரையைத் தவறாம சாப்பிடச் சொல்லு.”